ஆறாம் புள்ளி

ஆவணி 3, திங்கள்

இன்று எங்கள் ரோலர் லைனுக்குப் புது ஸ்டாப்பர் வந்து இறங்கியது. கூடவே இந்த நோட்டும் வந்தது. இன்சார்ஜ் ரியாஸ் இதை என் கையில் கொடுத்து, "நஞ்சப்பண்ணா, ஒரு மாசம் ட்ரையல். தெனமும் எத்தனை கல்லு நின்னுது, எப்படி நின்னுதுன்னு எழுதி வெச்சிருங்க. சரியில்லைன்னா திருப்பிக் குடுத்தர்லாம்" என்றார்.

"எப்படி நின்னுதுன்னு எப்படிங்க எழுதறது?"

"நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்ணா."

நடந்த மாதிரி எழுதுவதென்றால் கொஞ்சம் பின்னால் போய்த்தான் வர வேண்டும். ஓட்டல்களில் அண்டாக் கணக்கில் மாவு ஆட்டுகிற பெரிய கிரைண்டர் இருக்கிறதே, அதற்கான கல் உரல் எங்கள் கம்பெனியில் தயாராகிறது. ஒரு கல் நூற்றைம்பது கிலோ. சங்கிலியில் தூக்கி, பலகையில் உட்கார வைத்து, ரோலர்மேல் அனுப்பிவிடுவது என் வேலை. பதினாலு மீட்டர் தள்ளி, அந்தக் கோடியில் இருப்பவர் கல்லைக் கழுவி, ஈரத்துணியால் துடைத்துப் பார்ப்பார். கல் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே இருந்தால் அது விரிசல். அந்தக் கல் குப்பைக்கு.

இத்தனை வருடமாக அந்தக் கோடியில் ஓர் இரும்பு முட்டுதான் எழும்பி நிற்கும். கல் போய் அதில் டமார் என்று மோதும். வந்து நிற்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வந்து விழுகிறது என்றுதான் சொல்வார்கள். பத்துக்கு ஒன்று விரிசல். புது ஸ்டாப்பரில் இரும்புக்குப் பின்னால் எண்ணெய் நிரப்பின ஒரு குழாய் இருக்கிறது. டேம்பர் என்கிறார்கள். கல் மோதினால் அது உள்வாங்கிக்கொண்டே போய் நிறுத்துமாம், எருமை குட்டையில் இறங்கிப் படுப்பதுபோல. எங்கள் வீட்டில் ஓர் எருமை இருந்தது. அது படுப்பதைப் பார்த்தால் நமக்கே தூக்கம் வரும். அதை விற்ற கதை இங்கே வேண்டாம்.

அந்தக் கோடியில் இருப்பவர் யார் என்று எழுதவில்லை. மயிலாத்தாள். என் சம்பந்தியம்மா. என் மகள் தாரணியை அவர் மகனுக்குத்தான் கொடுத்திருக்கிறேன். அந்தக் கல்யாணப் பேச்சு முடிவானதே இந்த லைனில்தான். கல்யாண மண்டபத்தில், மூன்றாம் பந்தியில், நான் ஒரு வார்த்தை சொன்னேன். பத்து மாதமாக எங்களுக்குள் பேச்சில்லை. என்ன வார்த்தை என்பது ஸ்டாப்பர் நோட்டுக்குத் தேவையில்லை.

ஆவணி 4, செவ்வாய்

புது மெஷினுக்குப் பூஜை போட்டோம். பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, ஸ்விட்சைப் போட்டால் லைன் நகரவில்லை. அசையவே இல்லை. சப்ளை கம்பெனிக்குப் போன் போட்டார்கள். ஒயரைப் பிரித்தார்கள், காற்றுக் குழாயைக் கழற்றினார்கள். மதியச் சோறு கழிந்துதான் ரியாஸ் கண்டுபிடித்தார். பலகை வந்துவிட்டதா என்று பார்க்க ஸ்டாப்பருக்குச் சின்னதாக ஒரு கண்ணாடிக் கண் உண்டு. அதன்மேல் யாரோ கட்டியாகச் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். ஏற்கெனவே ஒரு பலகை வந்து நிற்கிறது என்று நினைத்து மெஷின் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

"யாருங்ணா கண்ணுக்கே பொட்டு வெச்சது?"

சந்தனக் கிண்ணம் மூன்று பேர் கைக்குப் போய் வந்தது. யார் என்று சொல்ல முடியாது. கையைக் கழுவிவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஆவணி 5, புதன்

நின்ற கல் 41. விரிசல் 3. சத்தம் பழையபடியே.

டேம்பரின் பின்பக்கம் ஒரு திருகு, அதில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை புள்ளிகள். ரேடியோ மாதிரிதான், கூட்டி வைத்தால் கூடுதலாக வேலை செய்யும் என்று ஒன்பதில் வைத்தேன். ரியாஸ் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரொம்ப இறுக்குனா முட்டுன ஒடனே அடிக்குமுங்ணா. ரொம்பத் தளத்துனா சும்மா உள்ள போயி, கடைசில அடிக்கும். ரெண்டுலயும் கல்லுக்கு அடிதான். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி புடிக்கற புள்ளி ஒண்ணு இருக்கும். அதைத் தேடோணும்."

அளக்கிற மீட்டர் சப்ளை கம்பெனிக்காரர் கொண்டு வர வேண்டுமாம். அவர் வர இருபத்துநாலாம் தேதி ஆகுமாம். அதுவரை, கல்லின் குழியில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து அனுப்பி, எவ்வளவு சிந்துகிறது என்று பார்க்கச் சொன்னார்.

ஆவணி 6, வியாழன்

தண்ணீர் சிந்தினால் ஈரக்கல்லில் தெரிவதில்லை. அதனால் டீ வைத்தேன். கறை தெரியுமே. வேறு காரணம் இல்லை.

அந்தக் கோடியில் டம்ளரைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் என்னோடு பேசுவதில்லை. அதனால் காலிப் பலகை கீழ் லைனில் என்னிடம் திரும்பி வரும்போது அதில் சாக்பீஸால் எழுதி அனுப்புகிறார். பலகையில் கல் நம்பர் எழுதுவது எங்கள் வழக்கந்தான். இன்று வந்த எழுத்து:

எட்டாம் புள்ளி: முழுக்கப் போச்சு.
மூன்றாம் புள்ளி: முக்கால் போச்சு.

கூடவே டம்ளரும் கவிழ்த்து வைத்து வருகிறது. மிச்சமிருக்கும் டீயைக் கீழே ஊற்றிவிடுவார் போல. என் கையால் போனதை அவர் தொடுவாரா?

ஆவணி 8, சனி

ஐந்தாம் புள்ளி: கால் போச்சு.
ஆறாம் புள்ளி: ஒண்ணும் போகலை.

சத்தமில்லாமல் கல் நின்றது. போய் நின்றதா என்று நானே எட்டிப் பார்த்தேன். நின்ற கல் 58, விரிசல் இல்லை. ரியாஸ் கைதட்டினார். ஆறாம் புள்ளியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டார்.

சாயங்காலம் வந்த கடைசிப் பலகையில் கல் நம்பருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. "சக்கரை ஜாஸ்தி."

இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

ஆவணி 9, ஞாயிறு

லீவு. ஸ்டாப்பருக்குந்தான். ஆனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ரியாஸ் பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார், படிப்பதில்லை.

தாரணிக்கு ஏழாம் மாதம். முதல் பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிவர, நாங்கள் புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று வகையாகக் கட்டுச்சோறு செய்து மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே எல்லோருமாக உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் பெண்ணை அனுப்புவார்கள். ஜோசியர் முப்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை குறித்துக் கொடுத்துவிட்டார். அதை விட்டால் புரட்டாசி. புரட்டாசியில் கூட்டிவர மாட்டார்கள், அப்புறம் எட்டாம் மாதம், அதிலும் கூடாது.

தாரணிக்குப் போன் போட்டேன். அவள் ஒரே பிடியாக நிற்கிறாள்.

"அத்தை உங்க சோத்துல கை நனைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கறாங்கப்பா. அவங்க உக்காந்து சாப்பிடலேன்னா நான் அந்த ஊட்டுல இருந்து கெளம்ப மாட்டேன். இங்கியே ஆஸ்பத்திரி இருக்குது."

"அம்மிணி, ஒரு வார்த்தைக்காக..."

"ஒரு வார்த்தையா? 'நான் எலையைத்தானுங்க எண்ணுனேன், உங்க ஒறம்பரைச் சனத்தோட வயித்தை எண்ணலீங்க'ன்னு நூறு பேரு முன்னால சொன்னீங்க. அத்தையோட அண்ணன் எலைக்கு முன்னால உக்காந்திருந்தாரு. ஜிலேபி தீந்துபோச்சுன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

போனை வைத்ததும் கமலவேணியிடம் போனேன். என் மனைவி. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ போயிச் சம்பந்தியம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாயேன்."

"நானும் அவங்களும் தெனமும் பேசறோம். எனக்கென்ன சண்டை? வாயை வுட்டவருதான் போயி எடுத்துட்டு வரோணும்."

வெங்காயம் கண்ணைக் கரித்தது. வெளியே போய்விட்டேன்.

ஆவணி 11, செவ்வாய்

சர்க்கரையைக் குறைத்து ஒரு டீ அனுப்பினேன். சோதனைதான். "கம்மியா இருந்தாலும் பரவால்ல" என்று வந்தது.

ஆவணி 12, புதன்

கேன்டீன்காரரிடம் இஞ்சி தட்டிப் போடச் சொன்னேன். மூன்று தடவை சோதனை. மூன்று டம்ளரும் கழுவியே வந்தன. நின்ற கல் 60, விரிசல் இல்லை.

ஆவணி 13, வியாழன்

ரியாஸ் பிடித்துக்கொண்டார். "செட்டிங் முடிஞ்சு அஞ்சு நாளாச்சுங்ணா. இன்னும் எதுக்கு டீ அனுப்பறீங்க?"

"மழைக்காலமுங்க. ரோலர்ல ஈரம் ஏறுச்சுன்னா கல்லு வேகம் மாறுமுங்க."

"கூரைக்குள்ள மழை பெய்யுதாங்ணா? நாளைல இருந்து டீ வேண்டாம். புள்ளி மாறுனா மட்டும் பாத்துக்கலாம்."

இன்று வந்த கடைசிப் பலகையில் நம்பர் மட்டும் இருந்தது.

ஆவணி 14, வெள்ளி

மதியச் சோற்றுக்குப் பிறகு முதல் கல் டக் என்று நின்றது. திருகு எட்டாம் புள்ளியில் இருந்ததாம். தானாக எப்படி ரெண்டு புள்ளி ஏறும்? எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். நான் மட்டும் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கமாகப் போய் வந்தேன், யாரையும் பார்க்கவில்லை.

"எலியா இருக்குமுங்க" என்றேன்.

"எலி திருகைத் திருப்புமாங்ணா?"

"எண்ணெய் வாசத்துக்கு வருமுங்க. பல்லுல கடிச்சா திரும்பிக்காதுங்களா?"

ரியாஸ் குனிந்து திருகில் பல் தடம் இருக்கிறதா என்று பார்த்தார். மறுபடி ஆறில் வைத்து, சோதனை செய்யச் சொன்னார். இஞ்சி டீ நான்கு போனது.

ஆவணி 18, செவ்வாய்

எலி இன்றும் வந்தது. ஆனால் ஒன்று எனக்கே விளங்கவில்லை. ஆறிலிருந்து எட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ரியாஸ் பார்க்கும்போது ஒன்பதில் இருக்கிறது. எட்டுதான் என்று நான் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. டீ ஐந்து.

பலகையில் "ஏலக்கா வேண்டாம், இஞ்சியே போதும்" என்று வந்தது. முப்பதாம் தேதியைப் பற்றி நானும் சாக்பீஸை எடுத்து எழுதலாம் என்று பார்த்தேன். "சம்பந்தியம்மா" வரை எழுதினேன். அடுத்த வார்த்தை வருவதற்குள் பலகை போய்விட்டது. பாதி வழியில் ஓடிப்போய்க் கையால் துடைத்தேன். ரோலர்மேல் சாய்ந்ததில் இடுப்பில் கிரீஸ்.

ஆவணி 20, வியாழன்

ரியாஸ் சொல்லிவிட்டார். புள்ளி நிற்காத டேம்பர் நமக்கு வேண்டாம், இருபத்துநாலாம் தேதி கம்பெனிக்காரர் வந்ததும் கழற்றிக் கொடுத்துவிடலாம், பழைய முட்டே போதும் என்று.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கத்தரிக்காய்க் குழம்பில் காரம் தூக்கல். அதனால்தான்.

ஆவணி 21, வெள்ளி

இன்று காலை முதல் கல்லிலேயே ஒரு சோதனை டீ வைத்தேன். திருகைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். நேற்று லைன் நின்றதிலிருந்து அது ஒன்பதிலேயே இருந்திருக்கிறது. கல் போய் டமார் என்று முட்டியது. டம்ளர் எகிறியது. அந்தக் கோடியில் "அய்யோ" என்று ஒரு சத்தம்.

ஓடினேன். இந்த லைனில் பதினோரு வருடம் வேலை செய்கிறேன், அந்தப் பதினாலு மீட்டரை ஓடிக் கடந்தது இன்றுதான். சம்பந்தியம்மா வலது கையை உதறிக்கொண்டிருந்தார். மணிக்கட்டுக்கு மேல் சிவந்து கிடந்தது. நான் வாளித் தண்ணீரை எடுத்து அப்படியே கையில் ஊற்றினேன். புடவையும் நனைந்தது. ரியாஸ் மருந்துப் பெட்டியோடு வந்து, அவரைப் பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

நின்ற கல் 12. மீதி அனுப்பவில்லை. கை ஓடவில்லை.

எலி இல்லை. எலி எதுவும் இல்லை.

ஆவணி 22, சனி

கட்டுப் போட்ட கையோடு வேலைக்கு வந்துவிட்டார். கொப்புளம் இல்லையாம். டீ இடைவேளையில், எல்லோரும் வெளியே போன பிறகு, நான் அந்தக் கோடிக்கு நடந்து போனேன். பத்து மாதத்துக்குப் பிறகு பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று போகிற வழியெல்லாம் யோசித்தேன். பதினாலு மீட்டர் போதவில்லை.

"கை எப்படி இருக்குதுங்க?"

"கைக்கென்னங்க. இருக்குது."

"அந்தத் திருகு... எலி நாந்தானுங்க."

"தெரியுமுங்க." ஈரத்துணியை இடது கையால் பிழிந்துகொண்டே சொன்னார். "சோத்து நேரத்துல தண்ணி குடிக்க ரெண்டு தடவை வர்ற ஆளு, ஒரு தடவையாச்சும் சொம்பைத் தொடோணுமில்லீங்க?"

"ஆனா எட்டுல வெச்சுட்டுத்தானுங்க போனேன். ஒம்பது எப்படி ஆச்சுன்னுதான் தெரியலீங்க."

"அது நானுங்க."

"நீங்களா? எதுக்குங்க?"

"எட்டுல வெச்சா ரியாஸ் தம்பி கண்ணுல படாம போயிரும்னு ஒரு புள்ளி தூக்கி வெச்சேனுங்க. செட்டிங் சரியாப் போச்சுன்னா இஞ்சி டீ நின்னுருமில்லீங்க?" சொல்லிவிட்டுக் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். "முந்தாநேத்து லைன் நின்னதும் தூக்கி வெச்சது நாந்தான், நேத்துக் காலைல அதையே மறந்துட்டேன். எனக்கு நானே சூடு போட்டுக்கிட்டேன்."

"என்ற கையால வந்ததைத் தொட மாட்டேன்னு சொன்னீங்களே?"

"சோத்தைத்தான் சொன்னேனுங்க. டீ சோறுங்களா? அதும் கேன்டீன் டீ."

சிரித்துவிட்டோம். யார் முதலில் என்று தெரியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டுமென்று அவசரமாகச் சொன்னேன்: "முப்பதாந்தேதி சோறு கொண்டாறோமுங்க. நீங்க உக்காந்து கை நனைக்கோணும். இல்லேன்னா புள்ளை வர மாட்டேங்குது."

சிரிப்பு நின்றது. "மண்டபத்துல சொன்னீங்களே, அதுக்கு என்னங்க சொல்றீங்க? என்ற அண்ணன் அன்னைக்கு எலையை மூடிட்டு எந்திரிச்சவரு. இன்னைக்கு வரைக்கும் எங்க ஊட்டு விசேசத்துக்குக்கூட வர்றதில்லை."

அதற்குள் பஸ்ஸர் அடித்துவிட்டது. லைன் ஓட ஆரம்பித்தது. நான் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

பஸ்ஸர் அடித்தது நிஜம். ஆனால் அடித்து முடித்த பிறகும் கொஞ்சம் நேரம் இருந்தது.

ஆவணி 24, திங்கள்

ரியாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், சந்தனம் உட்பட. அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கம்பெனிக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்து, ஆறாம் புள்ளி அச்சாகப் பொருந்துகிறது என்றார். ரியாஸ் திருகின்மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ரெண்டு எலிக்கும் இதுதாங்ணா மருந்து. காயத்துக்கு ரிப்போர்ட் எழுதோணும், ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணும்." போட்டோம். அடுத்தடுத்து.

ஸ்டாப்பர் நம்மோடே இருக்கிறது. நின்ற கல் 61. விரிசல் இல்லை. டீ இல்லை.

ஆவணி 28, வெள்ளி

ஐந்து நாளாக அந்தக் கோடிக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். திங்கள் ரிப்போர்ட். செவ்வாய் சங்கிலி மாட்டிக்கொண்டது. புதன் அவர் பக்கத்தில் ஆள் இருந்தது. வியாழன் ஆள் இல்லை, எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இன்று ஒன்றுமே இல்லை. அப்படியும் போகவில்லை.

கமலவேணி அரிசி புடைக்கிறாள். "போயிச் சொன்னீங்களா?" என்று கேட்கக்கூட இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம்.

ஆவணி 30, ஞாயிறு

காலை மூன்று மணிக்கே எழுந்து அடுப்பு மூட்டினோம். புளிசாதமும் எலுமிச்சையும் கமலவேணி. தயிர்சாதம் பிசைவது நான்தான் என்று சொல்லிவிட்டேன். ஏழு வகைச் சோறும் வேனில் ஏறியது. ஜிலேபி இரண்டு அண்டா.

சம்பந்தியம்மா வாசலில் நின்று "வாங்க" என்றார், எல்லோரையும் பார்த்து. தாரணிக்கு வளையல் போட்டு, நலங்கு வைத்து, பந்தி போட்டார்கள். அவரும் வந்து உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில், காங்கயத்திலிருந்து வந்த அவர் அண்ணன். தங்கச்சி எவ்வளவு கெஞ்சிக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்! இலையில் எல்லாச் சோறும் விழுந்தது. மற்றவர்கள் கை இலைக்குப் போயிற்று. அவர்கள் இரண்டு பேர் கை மட்டும் மடியில் இருந்தது. அதைப் பார்த்து ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். தாரணி கதவோரம், கை நிறைய வளையலோடு, என்னைத்தான் பார்த்தாள்.

நான் ஜிலேபித் தட்டோடு அவர் அண்ணன் இலைக்கு முன்னால் போய் நின்றேன்.

"மச்சான், அன்னைக்கு ஜிலேபி தீந்துபோச்சுங்க. கம்மியாச் சொல்லிவுட்டது நாந்தானுங்க. அதைச் சொல்ல வெக்கப்பட்டுட்டு உங்க ஒறம்பரையைப் பேசிப்போட்டேன். தப்புங்க. சம்பந்தியம்மா, உங்ககிட்டயும் அதேதானுங்க. தப்பு."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்காச்சும் பத்துமா?"

"ரெண்டு அண்டா இருக்குதுங்க."

"அப்ப வெய்யுங்க ரெண்டு." இலையைப் பக்கம் நகர்த்தினார். சம்பந்தியம்மா ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். கதவோரத்தில் வளையல் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள் போல. கமலவேணி அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள்.

பந்தி முடியும் நேரம் சம்பந்தியம்மா தயிர்சாதத்தைத் தொட்டு வாயில் வைத்துவிட்டு, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஏனுங்க சம்பந்தி, தயிர்சோத்துல உப்பே போடலீங்களே!"

எனக்கு ஒரு வார்த்தை வந்தது. நல்ல வார்த்தை. கூடமே சிரித்திருக்கும். நான் ஜிலேபித் தட்டைப் பார்த்தபடி நின்றேன்.

சாயங்காலம் தாரணி எங்களோடு வேனில் ஏறினாள். சம்பந்தியம்மா வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "மேடு பள்ளத்துல மெதுவா ஓட்டச் சொல்லுங்க" என்று டிரைவரிடம் நான்கு தடவை சொன்னார். பாதி வழியில் தாரணி கேட்டாள்: "ஏப்பா, அத்தை உப்பு இல்லேன்னு சொன்னப்ப ஒண்ணுமே பேசாம நின்னீங்களே?"

"என்னத்தைப் பேசறது அம்மிணி? உப்பு இல்லைதான். பெசஞ்சது நானு. போட மறந்துட்டேன்."